புன்னகைக் கரங்கள்

புன்னகைக் கரங்கள் அறக்கட்டளையில் வேலை செய்பவர்கள் என்று யாரும் கிடையாது. முதல் நாள் வகுப்பிலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தியை வேலை செய்பவள் என்று ஒப்புக்கொண்டால் சம்பளம், விடுப்பு, இஎஸ்ஐ என்று பல கீழான விஷயங்களை அவளுக்குக் கொடுக்க வேண்டிவரும். அறக்கட்டளைக்குப் பெண்கள்மீது அதைவிட அதிகமான மரியாதை இருந்தது. எனவே அவர்களை எழுத்துத் தொழில்முனைவோர் என்று அழைத்தது.

தொழில்முனைவோர் வீட்டில் இருந்தபடியே செல்போனில் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அது அவர்களுடைய சுதந்திரம். சுதந்திரம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். தாமதமாக வருகிறவர்களின் சுதந்திரத்தில் அரை நாள் பிடித்துக்கொள்ளப்படும்.

ஜெனிபர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் காலனியில் வசிப்பவள். பி.ஏ. தமிழ் படித்தவள். காலனியில் யாருக்காவது ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டியிருந்தால் மனு எழுதித் தருவாள். அந்தப் படிப்புக்கு அதுவரை இருந்த பயன் அது ஒன்றுதான். அவள் கணவன் ஜோஷ்வா, தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டினான். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மிஷின் இறங்கி அதை வளைத்துக் கொடுக்கும். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் அது தகட்டோடு சேர்த்து அவனுடைய வலது கையின் மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரமே அறக்கட்டளை ஆப்பிள் பழங்களோடு வந்தது. பழங்களை அவனுக்கும் எழுத்துத் தொழிலை அவளுக்கும் கொடுத்துவிட்டுப் போனது. அடிபட்டவர்களின் வீடுகளை அது தேடிக் கண்டுபிடித்து உதவும். அந்தத் தொழிற்சாலையே நடத்தும் அறக்கட்டளை என்பதால் கண்டுபிடிப்பதில் சிரமம் இருந்ததில்லை.

காலையில் வருகைப்பதிவு. செல்போன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். உதட்டை மூடிச் சிரித்தால் செயலி ஏற்காது. "இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி தேவை" என்று எழுத்து வரும். முதல் நாள் ஜெனிபர் அடுப்படியில் நின்றுகொண்டு பல் தெரியச் சிரித்துப் பார்த்தாள். போதவில்லை. தலையைச் சாய்த்துச் சிரித்தாள். போதவில்லை. பக்கத்து வீட்டுக் கங்கம்மா குடத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோஷ்வாவின் தொழிற்சாலையில்தான் காண்டிராக்டில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு.

"இன்னாடி பொண்ணே, பொட்டிய பாத்து இளிச்சிகினு கீற? பேய் கீய் புட்ச்சிகிச்சா?"

"அட்டன்டன்ஸ் எடுக்கறேங்கா."

"நாங்க கை ரேக வச்சாலே உள்ள வுட்றானுங்கோ. உனக்கு பல்லு வேற காட்டணுமா? நல்லா காட்டு. நாளிக்கு வாய தொறந்து எண்ணிப் பாப்பானுங்கோ."

ஜெனிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் செயலி ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது நாள், எழுதும் முறை பற்றிய வகுப்பு. பயிற்றுநர் அருணா மேடம் வீடியோவில் தோன்றினார். எதிர்மறைச் சொற்கள் கூடாது என்பதுதான் பாடம். வலி, பசி, கடன், காய்ச்சல், கண்ணீர், விபத்து. இந்தச் சொற்களை அடித்தால் திரை சிவப்பாகும், கட்டுரை போகாது. 'ஏன்' என்ற சொல்லும் அப்படித்தான். 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் நல்ல இடத்தில் முடிந்ததில்லை என்பதால் அதுவும் நீக்கப்பட்டிருந்தது.

"எதிர்மறையா எழுதினா மனசு பாதிக்கும்மா," என்றார் அருணா மேடம். "படிக்கிறவங்க மனசு, எழுதுறவங்க மனசு. எல்லாத்துக்கும் மேல, பணம் கொடுக்கிறவங்க மனசு."

"மேடம், காய்ச்சலப் பத்தி எழுதணும்னா?"

"உடலில் கதகதப்புன்னு எழுதுங்க. பச்சையா வரும் பாருங்க."

வந்தது.

ஜெனிபருக்குக் கிடைத்த முதல் தலைப்பு, 'வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதித்து நான் வென்ற கதை'. அவள் அதுவரை கட்டுரை எழுதியதும் இல்லை, சம்பாதித்ததும் இல்லை. அருணா மேடத்திடம் கேட்டாள். "அதுக்காகத்தான் புதுசா வர்றவங்களுக்கு இந்தத் தலைப்பைக் கொடுக்கறோம். கொஞ்ச நாள் ஆனவங்க எழுதினா அந்த உற்சாகம் வர்றதில்ல," என்றார்.

அதன்பின் தொழிற்சாலைகளைச் சுற்றியே தலைப்புகள் வந்தன. எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல மாட்டார்கள், வாடிக்கையாளர் ரகசியம். ஷிப்ட் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால் கால் தசைகள் அடையும் நன்மைகளை எழுதினாள். புகைபோக்கிகளுக்கு மேலே மாலை வானம் பெறும் அரிய நிறங்களை எழுதினாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் கணவன் மனைவிக்குள் ஏக்கத்தை வளர்த்து இல்லறத்தை இனிமையாக்குவதை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அவளுக்குத் 'தளிர்' பட்டம் கிடைத்தது. அதற்கு மேலே 'மொட்டு', 'மலர்' எல்லாம் இருந்தன. கனியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒருநாள் ஜோஷ்வாவின் கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் பல்லைக் கடித்துச் சுவரில் தலையை முட்டினான்.

"ரொம்ப..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். அடுத்த சொல் நாக்குக்கு வரவில்லை. விழிப்புணர்வு, கதகதப்பு என்று பச்சைச் சொற்கள்தான் வரிசையாக வந்தன.

"ரொம்ப இன்னா?" என்றான் ஜோஷ்வா.

"ஒண்ணுமில்ல."

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்கட்டில் போய் நின்றாள். ஒரு சொல்லை விலைக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சொல் மட்டும் போவதில்லை என்று தோன்றியது. அவன் முகம் கோணியபோது தன் வயிற்றில் வழக்கமாக எழும் ஒன்று இன்றைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் எழுந்தது. அந்தத் தாமதத்தைக் கண்டு பயந்தாள். அங்கே நின்றபடியே, யாருக்கும் கேட்காமல், "வலி, வலி, வலி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் தொழிற்சாலையின் பணியாளர் நலத்துறையிலிருந்து ஜெகன் சார் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். டீ வேண்டாம் என்றார். அக்கறையாகப் பேசினார்.

"ஜோஷ்வா, கம்பெனி உங்களை விட்டுடல. கேட் செக்யூரிட்டி போஸ்ட் ரெடியா இருக்கு. உட்கார்ந்துட்டே பார்க்கலாம். ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. திருவள்ளூர்ல இந்த ஆக்ஸிடென்ட் பத்தி அரசு விசாரணை வருது இல்லையா, அதுக்கு ஒரு ஸ்டேட்மென்ட். மிஷினோட சென்சாரை நீங்களே ஆஃப் பண்ணிட்டு வேலை செஞ்சீங்கன்னு."

கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற கருவி அந்தச் சென்சார்.

"நான் ஆப் பண்லியே சார். சூப்ரைசர் பண்ணாரு. அது அடிக்கடி நின்னுகினே இருக்குது, ஆர்டரு போவலன்னு."

"நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. பண்ணீங்கன்னு நீங்க சொல்லணும்னுதான் சொல்றேன்."

ஜோஷ்வா மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"நல்லா யோசிங்க. சூப்பர்வைசர் பண்ணார்னு எழுதினா அவருக்குக் கெட்ட பேர். அவருக்கு மேல இருக்கிறவருக்குக் கெட்ட பேர். கடைசியில எனக்கு. எத்தனை குடும்பம் பாதிக்குது பாருங்க. நீங்க பண்ணதா இருந்தா ஒரே குடும்பம்தான். அதுவும் ஏற்கெனவே பாதிச்ச குடும்பம்."

அவர் கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை. ஜோஷ்வா வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இத்த வச்சிகினு எப்டி சார் கையெழுத்து போடறது? பெருவிரலு கீது. கைநாட்டு வேணா வைக்கலாம்."

"சேச்சே!" ஜெகன் சார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீங்க ஐடிஐ படிச்சவர். கைநாட்டுப் பார்த்தா யாரோ கையைப் பிடிச்சு வச்ச மாதிரி இருக்கும். கையெழுத்துதான் மனசாரப் போட்ட மாதிரி இருக்கும். கம்பெனி உங்களுக்கு இடது கையால எழுதக் கத்துக்கொடுக்கும். ஃப்ரீயா."

அப்படித்தான் புன்னகைக் கரங்கள் கணவன் மனைவி இருவருக்குமே எழுத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. அருணா மேடம் காரில் நேரிலேயே வந்தார். ஜோஷ்வா தரையில் உட்கார்ந்து, முன்னால் பலகை வைத்து, இடது கையால் பெயரை எழுதினான். 'ஜோ' பானை மாதிரி வந்தது. 'ஷ்' வரவே இல்லை. வியர்த்து வழிய, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் அவன் புதிதாக எழுத்தறிவு பெற்றவர்களில் ஒருவனாகச் சேர்க்கப்பட்டான்.

"வேற எதுவும் சொல்லித் தரலியா மேடம்? அ, ஆ எதுனா?" என்று கேட்டான்.

"இப்போதைக்குப் பேர் போதும்," என்றார் அருணா மேடம்.

அந்த நாட்களில்தான் ஜெனிபர் ஒரு தவறு செய்தாள். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. 'காலை உணவின் நன்மைகள்' கட்டுரையை அன்றைக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே குடத்தோடு வரிசையில் நின்றபடி செல்போனை வாயருகே வைத்துப் பேசினாள். பேசப் பேச அது எழுதிக்கொள்ளும். பின்னால் கங்கம்மா லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிபர் குழாய்க்கு ஓடுகிற அவசரத்தில் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் கட்டுரை இணையத்தில் வந்தது. 'காலை உணவு மூளைக்கு ஆற்றல் தருகிறது. டேய் கஸ்மாலம் என் கொடத்த எதுக்குடா நவுத்துற, மூஞ்சிய பாரு பேமானி, நாஷ்டா துன்னியா இல்லியா நீ. முழு தானியங்கள் மிகச் சிறந்தவை.'

ஜெனிபர் மறுபடி படித்துப் பார்த்தாள். அழைப்பு வரும், விலக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நட்சத்திரம். கீழே பாராட்டு: 'மண்ணின் மணம் கமழும் நடை. வாழ்த்துகள்! நீங்கள் மொட்டு ஆகிவிட்டீர்கள்.'

கங்கம்மாவிடம் படித்துக் காட்டினாள்.

"அடி செருப்பால!" என்றாள் கங்கம்மா மகிழ்ச்சியோடு. "அப்போ நானும் எய்த்தாளரா? டப்பு எதுனா தருவானா?"

அன்றைக்கு ஜெனிபர் ஒன்று தெரிந்துகொண்டாள். தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. தடுத்த சொற்கள் இருக்கின்றனவா என்று ஒரு மிஷின் பார்க்கிறது. இல்லையென்றால் எல்லாம் நலம். இத்தனை நாள் யாருக்காகச் சொல் சொல்லாகத் தேடி உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது வந்தது அழுகை இல்லை. காதோரம் சூடாக ஏறியது. கோபம் என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லும் தடுக்கப்பட்டதுதான்.

பாதுகாப்பு வாரம் நெருங்கியது. புதிய தலைப்பு வந்தது. 'அலட்சியத்தால் விரல்களை இழந்த ஒரு தொழிலாளி கற்ற பாடம்.' கீழே குறிப்புகள்: பிரஸ் பிரிவு. வலது கை, மூன்று விரல்கள். சென்சாரைத் தானே நிறுத்திவிட்டு வேலை செய்தார். நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. 'தொழிலாளியின் மனைவி சொல்வதுபோல் உருக்கமாக எழுதவும். அவர் கணவரை மன்னித்துவிட்டதாக இறுதிப் பத்தியில் வர வேண்டும்.'

ஜெனிபர் அருணா மேடத்தை அழைத்தாள்.

"மேடம், இது எங்க ஊட்டுக்காரர் கதை மேடம். அந்த மனைவி நான்தான்."

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா!" என்றார் அருணா மேடம். "அப்ப உங்களுக்குத் தகவல் தேடற வேலையே இல்ல. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாமே."

செல்போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஜோஷ்வா பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். ஷ் இப்போது ஓரளவு வந்துவிட்டது.

"நெஜமாவே கையெழுத்து போடப் போறியா?" என்று கேட்டாள்.

"போடாம? விசாரணைக்கு மொத நாளு பாதுகாப்பு வார விழாலயே, எல்லார் முன்னாலயும் போடணுமாம்."

"சென்சார நீயா ஆப் பண்ண?"

"யாரு பண்ணா இன்னா? கைய உள்ள வுட்டது யாரு? நான்தானே? மிஷினா வந்து என் கைய புட்ச்சி இஸ்த்துது?"

"ரெண்டு வாட்டி போய் சொன்னேன்னியே, சென்சார போட்டு வுடுங்கன்னு. அவன் இன்னா சொன்னான்? மொதல்ல ஆர்டரு, அப்பறம் சென்சாருன்னு. ஆஸ்பத்திரில கண்ண மூடிகினே அதத்தானே சொல்லிகினு இருந்த."

"மயக்கத்துல ஒளறியிருப்பேன்." அவன் பேனாவை வைத்தான். "தே பாரு ஜெனி. தெனம் நாலு பேரு வந்து உன் தப்பு, உன் தப்புன்னு நல்லவிதமா சொல்றான். எனக்கே இப்போ அப்டித்தான் தோணுது. நெனச்சிப் பாத்தா நானே போய் அத்த ஆப் பண்ண மாறி கண்ணுக்குத் தெரிது. அந்த சுச்சு செவப்பா பச்சையான்றது கூட தெரிது."

ஜெனிபர் அந்தக் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். விரல்களை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவன் ஞாபகத்தை எடுக்கிறார்கள். அதையும் அவன் கையாலேயே எழுதி வாங்கப்போகிறார்கள். தன் கையாலும்.

கங்கம்மாவைத் தேடிப் போனாள். "அக்கா, அன்னிக்கு நீயும் ஷிப்ட்டுல இருந்தல்ல?"

லாரிக்காரனை விரட்டிய கங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "இருந்தன். நா இன்னாத்த கண்டன். கூப்ட்டானுங்கோ, மிஷின தொடைன்னானுங்கோ. தொடச்சன். தொடச்ச துணிய இன்னா பண்றதுன்னு தெரியாம கைல வச்சிகினு நின்னன். ஜோஷ்வாவ வண்டில ஏத்தவேயில்ல, அதுக்குள்ள மிஷின ஓட வுட்டானுங்கோ." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "என்ன இஸ்க்காத பொண்ணே. காண்டிராக்ட்காரன் நாளிக்கே வராதன்னுடுவான்."

ஜெனிபர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கேட் வேலை போய்விடும் என்பது தெரியும். அவனைக் கேட்காமல் செய்கிறோம் என்பதும் தெரியும். கேட்டால் வேண்டாம் என்பான். வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தடுத்த சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதினாள். எழுதி முடித்து அனுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு 'மலர்' பட்டம் கிடைத்தது. பாதுகாப்பு வார மலரின் முதல் பக்கத்தில் அது அச்சாகும் என்று செய்தி வந்தது.

விழா தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. எல்லா நாற்காலியிலும் அச்சான பாதுகாப்பு வார மலர் ஒன்றை வைத்திருந்தார்கள். கைதட்டும் பொறுப்பு பிரிவு வாரியாக ஒதுக்கப்பட்டிருந்தது. பெயின்ட் பிரிவு வரவேற்புரைக்கு, பிரஸ் பிரிவு சிறப்புரைக்கு. ஜெனிபரைப் பெண்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜோஷ்வா புதுச் சட்டையில் மேடை ஓரத்தில் நின்றான். சுவரோரம் துடைப்பத்தோடு கங்கம்மா.

தொழிற்சாலையின் முதலாளியும் அறக்கட்டளைத் தலைவருமான துளசிராமன் பேச எழுந்தார்.

"தொழிலாளத் தோழர்களே! இந்தத் தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் நேற்று வரை நான் உள்ளே வந்ததே இல்லை. வந்தால் உங்கள் உழைப்பு கெட்டுவிடுமே என்ற மரியாதைதான் காரணம். வராமலேயே உங்கள் ஒவ்வொருவர் வலியையும் நான் அறிவேன். மனிதன் விலைமதிப்பில்லாதவன். மிஷினுக்கு விலை உண்டு. ஆகவே மிஷினுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம். மனிதனுக்கு எந்த விலையும் வைக்க எங்கள் மனம் இடம் தரவில்லை."

பிரஸ் பிரிவு கைதட்டியது.

"இதோ, இடது கையால் கையெழுத்துப் போட வந்திருக்கிறார் நம் ஜோஷ்வா. அதற்கு முன் அவருடைய மனைவியே எழுதிய உருக்கமான கட்டுரையை நானே வாசிக்கிறேன். நான் எதையும் முன்கூட்டிப் படித்துவிட்டு வருபவன் அல்ல. இதயத்திலிருந்து நேரடியாக வாசிப்பவன்."

அவருக்கு நல்ல குரல். அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"என் கணவரின் மிஷினுக்கு ஒரு கண் இருந்தது. கை உள்ளே வந்தால் அது மிஷினை நிறுத்தும். பொறுப்பான கண் என்பதால் அடிக்கடி நிறுத்தியது. இலக்கின்மீது அன்பு கொண்ட மேற்பார்வையாளர் அந்தக் கண்ணுக்கு ஓய்வு அளித்தார். கண்ணை எழுப்பிவிடும்படி என் கணவர் இரண்டு முறை பணிவாக வேண்டினார். 'முதலில் ஆர்டர், பிறகு கண்' என்று மேற்பார்வையாளர் புன்னகையோடு விளக்கினார்."

பிரஸ் பிரிவில் கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. துளசிராமன் அந்த அமைதியை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார். குரலை இன்னும் நெகிழ வைத்தார்.

"மறுநாள் மிஷின் என் கணவரின் மூன்று விரல்களை ஏற்றுக்கொண்டது. உடனே மிஷினை அன்போடு துடைத்தார்கள். என் கணவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே உற்பத்தி மீண்டும் மலர்ந்தது. ஆர்டர் குறித்த நாளில் சென்று சேர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் அனைவருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. விரல்களும் பெட்டியில் வரும் என்று என் கணவர் காத்திருந்தார். இப்போது அவர் இடது கையால் எழுதப் பழகுகிறார், கண்ணைத் தாமே உறங்கவைத்ததாகக் கையெழுத்துப் போடுவதற்காக. அவரை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க அவரிடம் எதுவும் இல்லாததால் அது எளிதாக இருந்தது."

வாசித்து முடித்த பிறகுதான் அவர் வாசித்தது அவருக்குக் கேட்டது. மலரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே தொழிற்சாலையின் சின்னமும் 'பாதுகாப்பே முதன்மை' என்ற வாசகமும் இருந்தன.

அருணா மேடம் மேடையின் ஓரத்தில் செல்போனில் கட்டுரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதிர்மறையா ஒரு சொல்கூட இல்லையே சார்," என்று ஜெகன் சாரிடம் சொன்னது மைக்கில் கேட்டது.

ஜெகன் சார் சமாளித்தார். புன்னகையோடு ஜோஷ்வாவின் முன்னே தாளை வைத்துப் பேனாவை நீட்டினார். "போடுங்க ஜோஷ்வா. டைம் ஆச்சு."

ஜோஷ்வா பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டான். பெண்கள் வரிசையில் ஜெனிபரைத் தேடினான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போனால் அறைந்தாலும் அறையட்டும் என்று நினைத்தாள். அவன் குனிந்து தாளை எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தான்.

"சார், இதுல நான் ஆப் பண்ணேன்னு கீது. அய்யா படிச்சதுல சூப்ரைசரு பண்ணாருன்னு கீது. நான் எதுல கையெழுத்து போடறது?"

"அது கதைங்க. இதுதான் டாக்குமென்ட்."

"ரெண்டும் கம்பெனி பேப்பருதானே சார். ரெண்டுலயும் உங்க முத்திரதான் கீது." மைக் அருகில் இருந்ததால் அவன் மூச்சுவிடுவதும் கேட்டது. "ரெண்டு வாட்டி போய் கேட்டேன் சார். நானு. எனக்கு இப்போ ஞாபகம் வந்திச்சி. அவுரு அப்போ டீ குட்ச்சிகினு இருந்தாரு. கிளாச கூட கீழ வைக்கல."

துளசிராமன் கையிலிருந்த மலரை அவன் மெல்ல வாங்கினான். அவர் கொடுத்துவிட்டார், மேடையில் யாராவது எதையாவது கேட்டால் கொடுத்துப் பழகிய கை. ஜோஷ்வா முதல் பக்கத்தை மேசையில் விரித்து, வலது கையின் பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டுரையின் அடியில் எழுத ஆரம்பித்தான். ஜோ வந்தது. ஷ் வந்தது. அவசரப்படாமல் எழுதினான். அவ்வளவு பேர் இருந்த கேன்டீனில் பேனா தாளில் உரசுவது மைக்கில் கேட்டது.

ஜெனிபர் மடியில் செல்போன் அதிர்ந்தது. புன்னகைக் கரங்களின் அவசர அறிவிப்பு. 'கண், ஓய்வு, இனிப்பு, அன்பு ஆகிய சொற்கள் இன்று முதல் எதிர்மறைச் சொற்களாகக் கருதப்படும்.'

"விழா இத்தோட முடிஞ்சுது, எல்லாரும் ஷிப்ட்டுக்குப் போங்க!" என்று ஜெகன் சார் கத்தினார். யாரும் எழவில்லை. மைக்கை அணைக்கச் சொன்னார். அணைக்கத் தெரிந்தவன் பிரஸ் பிரிவுக்காரன்; அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சுவரோரத்தில் ஏதோ விழுந்தது. துடைப்பம். கங்கம்மா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். படி ஏற ஜோஷ்வா கை கொடுத்தான், மிச்சமிருந்த இரண்டு விரல்களை.

"அன்னிக்கு அந்த மிஷின தொடச்சது நான்தான்," என்றாள் கங்கம்மா ஜெகன் சாரைப் பார்த்து. "எனுக்கு எய்தத் தெரியாது. மை டப்பா எங்க வச்சிகீறீங்கோ?"